மின்மினி காட்டும் அழுக்கு

மருத்துவமனையிலிருந்து ஒரு நோயாளி வீடு திரும்பியதும், அடுத்தவர் வருவதற்குள் அவரது கட்டிலைத் துடைத்தாக வேண்டும். துடைத்தாயிற்று என்கிறார்கள். தரை பளபளக்கிறது, பினாயில் நெடி மூக்கைத் துளைக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக் கட்டில் சுத்தமாகிவிட்டது என்று நம்புவதற்கில்லை.

சோதித்துப் பார்க்கக் கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது: ஏடிபி மீட்டர். ஏடிபி என்பது உயிருள்ள செல்கள் அனைத்திலும் இருக்கும் ஆற்றல் மூலக்கூறு. மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்கும் அது வேண்டும் என்பதை 1947-இல் அமெரிக்காவின் வில்லியம் மெக்எல்ராய் காட்டினார். ஆய்வுக்கான மின்மினிகளைப் பால்டிமோர் நகரத்துச் சிறுவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், காசுக்குத்தான்.

கட்டிலின் பக்கக் கம்பியை ஈரப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து, அதன் குழாய்க்குள் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் மின்மினியின் நொதி அதோடு கலக்கும். கம்பியில் ரத்தம், எச்சில், கைப்பிசுக்கு, பாக்டீரியா எது மிச்சமிருந்தாலும் அதிலுள்ள ஏடிபியால் லேசான ஒளி எழும். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளியை மீட்டர் சில வினாடிகளில் எண்ணாகக் காட்டிவிடும். எண் ஏற ஏற அழுக்கு அதிகம்.

ஆனால் இது அழுக்குமானிதான், கிருமிமானி அல்ல. சிந்திய பாலுக்கும் எண் ஏறும். வைரஸ் இருந்தால் தெரியாது. பிளீச் மிஞ்சியிருந்தால் ஒளி மங்கி, எண் பொய்யாகக் குறையும். ஒரு கம்பெனி மீட்டரின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் வழியில்லை.

துடைக்கும் துணி ஓர் இடத்துக்குப் போனதா என்று மட்டும் அறிய, இதைவிட எளிய வழி ஒளிரும் ஜெல். துடைப்பதற்கு முன் சொல்லாமல் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. துடைக்காமல் விட்டால் புற ஊதா விளக்கில் பளிச்சிடும். பிலிப் கார்லிங் என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் 23 மருத்துவமனைகளில் இப்படிச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். குறி வைத்த இடங்களில் பாதிகூடத் துடைக்கப்படவில்லை. கழிப்பறை இருக்கையும் கைகழுவும் தொட்டியும் நன்றாகவே துடைக்கப்பட்டிருந்தன; கதவுக் குமிழும் லைட் சுவிட்சும்தான் விடுபட்டவை. அருவருப்பான இடத்தைத் தேய்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். சுவிட்சைப் பார்த்தால் யாருக்கும் அருவருப்பு வருவதில்லையே!

முடிவுகளைத் தூய்மைப் பணியாளர்களிடமே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு நிலைமை கணிசமாக மேம்பட்டது. குறி வைக்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி விழும் இடத்துக்கு மட்டும் துணி தவறாமல் போகும்.