பூசாரி தடுத்த வரம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது நம் நாட்டுப் பழமொழி. பார்லிமெண்டின் இரு சபைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதியும் சம்மதமளித்த சட்டங்கள் சில ஆண்டுக்கணக்கில் அமலுக்கு வராமல் கிடப்பதைக் காணும்போது இப்பழமொழியே நம் நினைவுக்கு வருகிறது. இத்தகைய சட்டங்களின் முதற் பிரிவில், மத்திய சர்க்கார் கெஜட்டில் குறிப்பிடும் தேதியில் இது அமலுக்கு வரும் என்று ஒரு சிறு வாசகம் இருக்கும். அத்தேதியைச் சர்க்கார் குறிப்பிடாத வரையில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இவற்றுள் பிரஜைகளின் சுதந்திரத்தையே தொடுவது, அரசியலமைப்பின் 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவாகும். 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையில், தேசத்தின் தலைவர்கள் உட்பட எண்ணற்றோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டதை எவர் மறக்க முடியும்? அக்கொடுமை மீண்டும் நேராதிருக்கும் பொருட்டு 1978-ல் பார்லிமெண்டு இத்திருத்தத்தை நிறைவேற்றியது. 1979 ஏப்ரலில் ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. மற்றப் பிரிவுகள் அவ்வாண்டிலேயே அமலுக்கு வந்தன. 3-வது பிரிவு மாத்திரம் 45 ஆண்டுகளுக்கு மேலாகியும் தேதிக்காகக் காத்திருக்கிறது.

அப்பிரிவு கூறுவதென்ன? இன்று 22-வது ஷரத்தின்படி, ஆலோசனைக் குழுவின் அபிப்பிராயம் பெறாமலே ஒருவரை மூன்று மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். திருத்தம் இதை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. இன்று குழுவின் அங்கத்தினர் ஹைகோர்ட்டு நீதிபதியாக ஒரு நாளேனும் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. அப்பதவிக்குரிய யோக்கியதை இருந்தாலே போதும். திருத்தமோ, பதவியிலுள்ள ஹைகோர்ட்டு நீதிபதியே தலைவராகவும், பதவியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகளே மற்ற இருவராகவும் இருக்கவேண்டும், ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதியின் சிபார்சுப்படியே குழு அமையவேண்டும் என்கிறது. சிறை வைக்கும் சர்க்காரே, சிறை வைத்தது நியாயமா என்று ஆராய்வோரையும் பொறுக்கியெடுக்கும் விபரீதம் இதனால் நீங்கும். 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தின்படி 12 மாதம் வரை காவலில் வைக்கப்படக்கூடிய தமிழ்நாட்டுப் பிரஜைக்கு இது வெறும் ஏட்டு விவாதமன்று.

அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவுக்கு ஜனாதிபதி சம்மதமளித்தே தீரவேண்டும் என்று 1971-ன் 24-வது திருத்தம் விதித்திருக்கிறது. தேசத்தின் முதற் பிரஜைக்கே இல்லாத மறுப்பதிகாரம் ஓர் இலாகாவுக்கு எங்கிருந்து வந்தது? ஜனாதிபதி மறுத்தால் ஊர் அறியும். இலாகா மறுப்பதோ மௌனத்தால். அதற்குக் கையெழுத்தும் வேண்டாம், காரணமும் வேண்டாம்.

1981 இறுதியில் ஏ. கே. ராய் வழக்கில் இவ்விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர், தேதி குறிக்கும் பொறுப்பைப் பார்லிமெண்டே சர்க்காரிடம் விட்டிருப்பதால் தாம் கட்டளையிட இயலாது என்று தீர்ப்பளித்தனர். மற்ற இருவரும் மாறுபட்டனர். சிறுபான்மையோரின் கருத்தே நியாயத்துக்கு ஒத்ததென்பது நமது துணிபு. வசதியான நாளைத் தேர்ந்தெடு என்று ஏவலாளனுக்குச் சொன்னால், ஒரு நாளும் செய்யாதே என்று அதற்குப் பொருளாகுமா?

ஆயத்தங்களுக்கு அவகாசம் வேண்டும் என்று சர்க்கார் தரப்பில் கூறக்கூடும். புதிய ஸ்தாபனங்களை நிறுவ வேண்டிய சட்டங்களுக்கு அது பொருந்தும். பிரதம நீதிபதியிடம் மூன்று பெயர்களைக் கேட்பதற்கு எத்தனை தலைமுறை ஆயத்தம் வேண்டும்? நெருக்கடி நிலையில் சிறையிலிருந்தோர் பின்னர் மந்திரிகளாக வீற்றிருந்த சபைகளும் இப்பிரிவைத் தொடவில்லை. எதிர்க்கட்சியிலிருக்கும்போது கசக்கும் அதிகாரம், நாற்காலியில் அமர்ந்ததும் இனிக்கிறது போலும்!

இந்நோய் ஒரு சட்டத்தோடு நிற்கவில்லை. எல்லாக் கோர்ட்டுகளிலும் வழக்காடும் உரிமையை வக்கீல்களுக்கு அளித்த 1961-ஆம் ஆண்டு அட்வொகேட்டுகள் சட்டத்தின் 30-வது பிரிவு, 2011 ஜூனில்தான் அமலுக்கு வந்தது. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014 மே மாதத்தில் ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. இன்னும் அமலுக்கு வரவில்லை. நெடுஞ்சாலை வேலைகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் காரியாலயத்துக்கு எழுதிய என்ஜினியர் சத்யேந்திர துபே, 2003-ல் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் தேசம் கேட்ட பாதுகாப்பு இன்றும் காகிதத்திலேயே இருக்கிறது.

பரிகாரம் கடினமன்று. ஒவ்வொரு சட்டத்திலும் பார்லிமெண்டே தேதியைக் குறிக்கட்டும். அவகாசம் அவசியமாயின், ஓராண்டுக்குள் சர்க்கார் தேதி குறிக்கவேண்டும், தவறினால் சட்டம் தானாகவே அமலுக்கு வரும் என்று விதிக்கட்டும். சட்டம் தவறென்று சர்க்கார் கருதினால், அதை ரத்து செய்யும் மசோதாவைப் பகிரங்கமாகக் கொண்டுவந்து சபையின் முன் வாதாடட்டும்.

விசாரணையின்றிச் சிறை வைக்கும் ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919-ல் கடையடைத்து உபவாசமிருந்த தேசம் இது. அன்று அந்நியர் இயற்றிய சட்டத்தை நாம் எதிர்த்தோம். இன்று நம் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தை அமலாக்குங்கள் என்று நாமே மன்றாட வேண்டியிருக்கிறது. 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவுக்குத் தேதி எப்போது என்ற கேள்வியை, ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் நமது வாசகர்கள் கேட்பார்களாக.