பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள்... எல்லை தாண்டி வளரும் காரைக்குடி! செட்டிநாட்டில் என்ன நடக்குது?

விநாயகர் சதுர்த்தி வந்தால் பிள்ளையார்பட்டியில் நிற்க இடம் இருக்காது. ஆனால் சுற்றுவட்டார செட்டிநாட்டு ஊர்களுக்குள் போய்ப் பார்த்தால், தெருத்தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதே நேரம், சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கும் காரைக்குடியில் புதுசு புதுசாக நகர்கள் முளைக்கின்றன.

ஒரு பக்கம் காலி, இன்னொரு பக்கம் நெரிசல். இது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

அந்தப் பெரிய வீடுகள் எப்படி வந்தன?

வெளியே போனவர்கள் அனுப்பிய பணத்தில் வந்தவைதான். 1852-ல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும், காடு திருத்தி நெல் போட விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் நகரத்தார்.

பர்மா மட்டும் இல்லை. இலங்கை, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று எல்லா இடத்துக்கும் போனார்கள். பெரும்பாலும் ஆண்கள் மட்டும் மூன்று வருடக் கணக்குக்குப் போய்த் திரும்புவார்கள். குடும்பம் ஊரிலேயே இருக்கும். அதனால் சம்பாத்தியம் ஊருக்கு வந்து, பர்மா தேக்குத் தூணாகவும் இத்தாலி சலவைக்கல்லாகவும் மாறியது.

பணம் நின்றது எப்போது?

1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது, கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6% நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25% ஆனது. பர்மியர்கள் மத்தியில் கோபமும் வளர்ந்தது.

1942-ல் ஜப்பான் படை நுழைந்தது. பல லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள், பலர் கால்நடையாகவே. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கி, கடை எல்லாம் அரசுடைமை. மிச்சம் இருந்தவர்களும் கப்பல் ஏறினார்கள்.

திரும்பி வந்தவர்கள் தமிழ்நாட்டு நகரங்களின் முகத்தையே மாற்றினார்கள். சென்னை பர்மா பஜார், காரைக்குடி உட்பட பல ஊர்களில் உள்ள பர்மா காலனி எல்லாம் அந்த இடப்பெயர்வின் அடையாளம்தான்.

அப்படியென்றால் வீடுகள் ஏன் காலி?

அடுத்த தலைமுறை படிப்பு, தொழில் என்று சென்னை, மதுரை, கோவை, வெளிநாடு என்று போய்விட்டது. இந்த முறை குடும்பத்தோடு போனார்கள். முன்பு ஆள் போனாலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

சரி, வித்துட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். வீடு ஒருத்தருடையது இல்லை, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. உதாரணமாக, தாத்தாவுக்கு நாலு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் மூன்று பிள்ளைகள் என்றால், இன்றைக்கு 12 பேருக்குப் பங்கு. ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில். பழுது பார்க்க வேண்டும் என்றாலும் விற்க வேண்டும் என்றாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துவராத வீடு இடிகிறது. அதன் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. சில வீடுகள் மட்டும் ஹோட்டலாக மாறிப் பிழைத்திருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன.

ஊரைவிட்டுப் போனாலும் உறவு விடவில்லை. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு 'புள்ளி'. எங்கே இருந்தாலும் புள்ளி வரி கட்ட வேண்டும். பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்கள் நிற்பது இந்தக் கணக்கில்தான்.

காரைக்குடி ஏன் வளர்கிறது?

வெளியே போய்ச் சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கு இங்கே கல்வியாக மாறியது முக்கியக் காரணம். அழகப்ப செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது.

சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் விவசாயம் இல்லை. பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் காரைக்குடியில் என்றால் மக்கள் அங்கேதானே வருவார்கள்?

2011 கணக்கெடுப்பிலேயே நகராட்சிக்குள் சுமார் 1.06 லட்சம் பேர். சுற்றுப்பகுதியையும் சேர்த்தால் சுமார் 1.8 லட்சம். அதாவது 10 பேரில் 4 பேர் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன.

இதனால் சாதாரண மக்களுக்கு என்ன?

* லாபம்: பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை அள்ளுதல் போன்ற நகர்ப்புற வசதிகளைக் கேட்க முடியும்.
* நஷ்டம்: ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். மாநகராட்சிக்குள் வந்துவிட்டால் அந்த வேலை கிடையாது. வரி உயரும் என்ற கவலையும் உண்டு.
* ஆபத்து: வயலும் பொட்டலும் வீட்டுமனை ஆகும்போது வரத்துக்கால் அடைபட்டால் ஊருணியும் கண்மாயும் நிரம்பாது. நிலத்தடி நீரும் இறங்கும்.

பிள்ளையார்பட்டிக்கு என்ன பாடம்?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1. எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார். பூட்டிய வீட்டில் ஆள் யாரும் எண்ணப்பட மாட்டார்கள். சதுர்த்திக்கு வரும் கூட்டமும் உள்ளூர்க் கணக்கில் சேராது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, வாகன நிறுத்தம், குப்பை அகற்றல் எல்லாம் வேண்டும். தலைக்கணக்கை மட்டும் வைத்து நிதி ஒதுக்கினால் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போதாது. வந்து போகிறவர்களையும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி.