ஆபத்தான மரமும் அலுவலக வாசலும்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் உள்ளாட்சி மன்றங்களின் வாசலுக்கு வந்து சேரும் மனுக்களில் ஒருவகை தவறாது இடம்பெறும். "எங்கள் தெருவில் நிற்கும் மரம் விழும் நிலையில் உள்ளது; அதை அகற்றித் தர வேண்டுகிறோம்" என்பதே அது. குடிநீரும் சாலையும் விளக்கும் கோரும் மனுக்களுக்கு நடுவே இது சிறியதொரு வேண்டுகோளாகத் தோன்றலாம். ஆயினும் இதன் இருபுறமும் உயிர் இருக்கிறது. ஒருபுறம், மரத்தடியில் நடந்து செல்லும் மனிதனின் உயிர். மறுபுறம், மூன்று தலைமுறைக்கு நிழல் தந்த மரத்தின் உயிர். அவசரப்பட்டால் ஒன்றை இழப்போம். அசட்டையாய் இருந்தால் மற்றொன்றை இழப்போம்.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பகுதியில் கரைகடந்த கஜா புயலையும் காவிரிப் படுகையின் மக்கள் மறவார். புயலின் சீற்றத்தை எந்த மன்றமும் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் புயலே இல்லாத நாளிலும் விழக்கூடிய மரங்கள் உண்டு. அவற்றைக் குறித்து நமது மன்றங்கள் என்ன செய்கின்றன, என்ன செய்ய வேண்டும் என்பதே நமது கேள்வி.

சட்டம் வகுத்த வழி

இத்துறையில் சட்டம் வறியதன்று. 1919 ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இதனைத் தெளிவாகவே கருதின. ஒரு மரமோ அதன் கிளையோ, ஏன், அதன் காயோகூட விழுந்து மனிதருக்கோ கட்டடத்திற்கோ தீங்கு நேரும் என்று ஆணையர் கருதினால், அதைக் கட்டி நிறுத்தவோ கிளை கழிக்கவோ வெட்டவோ உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். ஆபத்து உடனடியானதாயின், அறிவிப்புக்குக் காத்திராமல் தாமே அதைச் செய்து முடித்துச் செலவை உரிமையாளரிடம் பெறலாம். இப்பழைய சட்டங்களின் இடத்தில், 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

மற்றொரு வழியும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக நெடுங்காலம் விளங்கி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவாக அமைந்துள்ள விதி அது. விழக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றும்படி அல்லது அதற்கு முட்டுக் கொடுக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை இவ்விதி நிர்வாக நடுவருக்கு அளிக்கிறது. நமது மாவட்டங்களில் கோட்டாட்சியரே இப்பொறுப்பை வகிக்கிறார். அடுத்த வீட்டாரின் மரம் நம் கூரைமேல் சாய்ந்து, பேச்சுவார்த்தை பயனளிக்காதபோது, நாடத்தக்க வாசல் இதுவே. "அகற்று" என்பதோடு நில்லாமல் "தாங்கு" என்றும் சட்டம் சொல்வதை வாசகர்கள் உற்று நோக்க வேண்டும்.

மரம் யாருடையது?

வழி இவ்வளவு தெளிவாய் இருக்க, மனுக்கள் ஏன் தேங்குகின்றன? முதற்காரணம், மரம் யாருடையது என்னும் வழக்கு. நெடுஞ்சாலையோரத்துப் புளியமரம் நெடுஞ்சாலைத் துறைக்குரியது. ஊர்த்தெருவின் மரம் உள்ளாட்சிக்குரியது. புறம்போக்கில் நிற்பது வருவாய்த் துறையின் பொறுப்பு. ஏரிக்கரை மரமோ நீர்வளத் துறையின் பொறுப்பு. மின்கம்பியை உரசும் கிளைக்கு மின்வாரியத்தை நாட வேண்டும். அரசு நிலத்து மரத்தை வெட்டுவதாயின் வனத்துறையின் மதிப்பீடு, ஏலம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் எனப் படிகள் பல. மரக் கொள்ளையைத் தடுக்க இப்படிகள் தேவையே. அவற்றை நாம் குறைகூறோம். ஆனால் திருட்டைத் தடுக்க அமைத்த வேலி, ஆபத்தில் இருப்போரின் வழியை அடைக்கலாகாது.

நமது பங்கின் தொடக்கப்பள்ளி வாயிலருகே, சாலையோரத்தில் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. அதன் பெருங்கிளையொன்று பட்டுப்போய், பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்திற்கு நேர்மேலே நீண்டிருந்தது. பெற்றோர் கையொப்பமிட்ட மனுவைப் பெற்ற முதல் அலுவலகம், "சாலை எங்களுடையதன்று" என்றது. இரண்டாவது, "நிலம் எங்களுடையது, மரம் எங்கள் கணக்கில் இல்லை" என்றது. மூன்றாவது, மதிப்பீடு வரட்டும் என்றது. ஒரு கல்வியாண்டே கழிந்தது. அந்நாள்வரை பிள்ளைகளைப் பின்வாயில் வழியே அனுப்பினோம். இறுதியில் வந்து பார்த்த அலுவலர், அடிமரம் உறுதியாக உள்ளது, பட்ட கிளையை மட்டும் நீக்கினால் போதும் என்று அரைமணி நேரத்தில் எழுதித் தந்தார். ஒரே நாளில் கிளை இறங்கியது; மரம் இன்றும் நிற்கிறது. அரைமணி நேரப் பார்வைக்கு ஓராண்டுக் காத்திருப்பு என்பதுதான் நம்மை வருத்துகிறது.

ராஜ்கோட் வழக்கு

1975 மார்ச்சில் குஜராத் மாநிலம் ராஜ்கோட் நகரில், அலுவலகத்திற்கு நடந்து சென்ற ஒருவர்மீது சாலையோர மரம் திடீரென விழுந்தது, அவர் இறந்தார். குடும்பத்தார் மாநகராட்சிமீது வழக்குத் தொடுத்தனர். விசாரணை நீதிமன்றம் 45,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆனால் 1997 இல் உச்சநீதிமன்றம் மாநகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மரம் ஆபத்தான நிலையில் இருந்தது மாநகராட்சிக்கு முன்னரே தெரியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை; நகரின் ஒவ்வொரு மரத்திற்கும் மன்றம் முழுப் பிணை நிற்க இயலாது என்பதே அதன் சாரம்.

தந்தையை இழந்த குடும்பத்திற்கு இது கசப்பான முடிவே. எனினும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. "தெரியாது" என்பதே மன்றத்தின் கேடயமாயின், அக்கேடயத்தை விலக்குவது குடிமகன் எழுதும் மனுவே. தேதியிட்டு, ஒப்புகை பெற்று, ஒரு மனு அலுவலகத்திற்குள் சென்றபின் எவரும் "அறியோம்" என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எனவே வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது, எழுத வேண்டும்.

எழுதுவோர் கவனத்திற்கு

மனுவில் இடத்தையும் மரத்தின் வகையையும் குறிப்பிடுங்கள், புகைப்படம் இணையுங்கள். எது ஆபத்து என்று காட்டுங்கள்: அடிமரத்தில் பொந்தும் காளானும்; ஒருபக்கம் மண் வெடித்து மேலெழுதல்; அண்மையில் ஏற்பட்ட சாய்வு; இலையற்றுப்போன கிளைகள்; வடிகாலுக்காக அறுக்கப்பட்ட வேர்கள். மாவட்டத் தலைநகரில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். சென்னையில் 1913 என்னும் எண்ணில் மாநகராட்சியை அழைக்கலாம். பதில் வராவிடில், மனு எந்நிலையில் உள்ளது என்று 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; 30 நாள்களுக்குள் பதில் தர அலுவலகம் கடமைப்பட்டது.

அதேவேளை, உண்மையை மட்டுமே எழுதுங்கள். முற்றத்தில் சருகு விழுகிறது, கடையின் பெயர்ப்பலகை மறைகிறது, வாஸ்து சரியில்லை என்பதற்காக நலமான மரத்தை "ஆபத்தானது" என்று எழுதுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அது பொய்ச்சாட்சி. அத்தகைய மனுக்கள் பெருகினால், மெய்யான ஆபத்தைச் சொல்லும் மனுவும் நம்பிக்கை இழந்து கட்டுக்குள் புதையும்.

பிறரிடம் கேட்பதை நாமும் செய்ய வேண்டும். ஆலய வளாகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பள்ளித் திடலிலும் நிற்கும் மரங்களுக்கு நாமே பொறுப்பாளிகள். ஆண்டுக்கொருமுறை, பருவமழைக்கு முன், விவரமறிந்த ஒருவரை அழைத்து அவற்றைப் பார்வையிடச் செய்வது பங்குப் பேரவையின் கடமைகளுள் ஒன்றாகட்டும். வெட்ட வேண்டியிருந்தால் உரிய அனுமதியுடன் வெட்டுவோம். அவ்விடத்திலேயே வேறொரு கன்றை நட்டு, அது வேரூன்றும்வரை நீர் ஊற்றுவோம்.

மன்றத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கேட்ட மரத்தையெல்லாம் வெட்டித் தருமாறு நாம் கோரவில்லை. மனு வந்த வாரத்திலேயே ஒருவர் வந்து பார்க்கட்டும், கண்டதை எழுதட்டும், வெட்டுவதா, கிளை கழிப்பதா, முட்டுக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்று காரணத்தோடு பதில் தரட்டும். "இல்லை" என்னும் பதிலையும் நம் மக்கள் ஏற்பர். பதிலே இல்லாமைதான் மரத்தையும் மனிதனையும் ஒருங்கே கைவிடுகிறது.