லூசேண் பயிரில் வாடல் நோய் பரவும் விதம்

குதிரைமசால் என்னும் லூசேண் ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் வெட்டித் தீனியாக்கத்தக்க பயிராகும். இந்த நயமே அதன் நோய்க்கும் இடமளிக்கின்றது. வேட்டிசிலியம் என்னும் பங்கசினால் உண்டாகும் வாடல் நோய், 1918 ஆம் ஆண்டில் சுவீடனிலும் 1952 இல் பிரித்தானியாவிலும் காணப்பட்டது; 1976 இல் ஐக்கிய அமெரிக்காவின் உவாசிங்டன் மாநிலத்திலும் கண்டறியப்பட்டது. நோய் முற்றிய வயலில் விளைவு பாதியாகக் குறைதலும் உண்டு.

முதலாண்டிற் பயிர் பெரும்பாலும் செழிப்பாகவே தோன்றும். இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிலேதான் ஆங்காங்கே தனிச் செடிகள் வாடும். சிற்றிலைகளின் நுனியில் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்று மஞ்சள் படரும். பின்னர் இலைகள் சுருண்டு உலரும். ஆயினும் தண்டு நெடுநாள் பச்சையாகவே நிற்கும். நீர் போதாமையால் வாடிய செடியில் இவ்வாறு காணப்படுவதில்லை. பங்கசு தண்டினுள் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதே வாட்டத்திற்குக் காரணம்.

இந்நோய் தொலைதூரம் செல்வது விதையோடும், விதையிற் கலந்த சருகோடும், உலர்தீனோடுமாம். வயலுக்குள் வந்தபின் அதனைப் பரப்புவது பெரும்பாலும் கமக்காரருடைய வெட்டும் பொறியே. நோயுற்ற தண்டை அறுத்த அலகில் சாறும் வித்திகளும் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த செடியின் ஈரமான வெட்டுவாயில் அவ்வலகு பட்டதும் பங்கசு எளிதில் உட்புகுகின்றது. ஆண்டில் மூன்று நான்கு முறை வெட்டுவோர் அத்தனை முறையும் நோயை விதைப்பவராகின்றனர். அசுகுணிகளும் வெட்டுக்கிளிகளும் இதற்குத் துணை செய்வதுண்டு. நோயுற்ற தீனைத் தின்ற செம்மறியின் சாணத்திலும் பங்கசு உயிரோடிருப்பதால், அச்சாணத்தைப் புதிய லூசேண் வயலுக்கு எருவாக இடுதல் தகாது.

நிற்கும் பயிரில் நோய் கண்டபின் அதனை மாற்றும் மருந்து இல்லை. ஆகவே வெட்டும் ஒழுங்கைக் கவனித்தல் வேண்டும். இளவயலை முதலிலும் பழைய வயலை இறுதியிலும் வெட்டுக. பொறியை ஒரு வயலிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்லுமுன் ஒட்டிய சருகை நீக்கிக் கழுவுக. இதற்கு அரைமணி நேரம் வீணாகின்றதே என்று எண்ணுவோர் உளர். வயலையே உழுது அழிக்க நேரின் இழப்பது அதனினும் பெரிது. நோய் மிகுந்த நிலத்தை உழுது, இரண்டு மூன்று ஆண்டுகள் சோளம், கோதுமை போன்ற தானியங்களைப் பயிரிடுக. அக்காலத்தில் தானாக முளைக்கும் லூசேண் செடிகளையும் அகன்ற இலைக் களைகளையும் பிடுங்குதல் வேண்டும். ஏனெனில் சில களைகள் வாடாமலே பங்கசைத் தாங்கி நிற்கும். மீண்டும் லூசேண் விதைக்கும்போது நோயெதிர்ப்புள்ள இனத்தின் சுத்தமான விதையையே பெறுக.