26 மரை

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் கோலார் தங்க வயலுக்கு வந்தது. அந்த முதல் ஆண்டுகளில் ஒரு டன் பாறையை அரைத்தால் 47 கிராம் வரை தங்கம் தேறியது. கடைசியில் அது சுமார் 3 கிராமாகச் சுருங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஊர் எதை இழந்தது என்று நினைக்கும்போது எனக்குத் தங்கத்தைவிட அதன் ஒர்க்‌ஷாப்தான் முதலில் ஞாபகம் வருகிறது. என் மாமா அங்கே லேத் ஓட்டும் டர்னர்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை ஏற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படிக் கைமாறியதுதான் மாமாவின் ராலி லெண்டன் ரேஸ் சைக்கிள். தொழிலாளர் லைன் வீடுகளில் அப்போது எல்லாரிடமும் இருந்தது 28 அங்குலச் சக்கரமும் கேரியரும் வைத்த கறுப்பு வண்டி. சங்கு ஊதினால் ஷிஃப்டுக்குப் போக அது போதும். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வளைந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பிடித்துப் பேத்தமங்கலம் ஏரிவரை போய்த் திரும்புவார்.

வண்டி எந்த வருஷத்தது என்று கேட்டால் "துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது" என்பதோடு முடித்துக்கொள்வார். அதற்குமேல் கேட்டறிய அன்று வழியுமில்லை. இன்று வண்டி என்னிடம் இருக்கிறது; பின்சக்கரத்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பைத் துடைத்தால் 52 என்ற எண் தெரிகிறது. அது 1952-இல் செய்த ஹப் என்று உடனே சொல்லிவிடலாம். நாட்டிங்ஹாமில் ராலி ஆலையை ஒட்டிய பகுதியின் பெயர் லெண்டன் என்பதும், குழாய்கள் ரெய்னால்ட்ஸ் 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு என்பதும் வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொண்டவை.

டயர்தான் சுலபத்தில் அமையவில்லை. பழைய டயரில் 26 x 1¼ என்று இருக்கிறது. கடையில் 26 என்று கேட்டால் மலைச்சைக்கிள் டயரை எடுத்து நீட்டுகிறார்கள். அது 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு; லெண்டனின் ரிம் 597. சரியான டயர் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. அந்தக் காலத்தில் மாமா டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெடல் கிராங்குகள் மாட்டும் நடு அச்சைக் கழற்றியபோது, அதன் பால்ஸைத் தாங்கும் இடப்பக்கத்து பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பில் கம்பெனிப் பெயரே இல்லை. வெளிவிளிம்பில் லேத் உளி சுற்றிய நுண்ணிய கோடுகள் மட்டும் தெரிந்தன. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை போட்டன. ராலி மட்டும் தன் வண்டிகளுக்கு 26 போட்டது. அதனால் 24 மரைக் கப் எதுவும் இதில் ஏறாது. மாமா ஒர்க்‌ஷாப் லேத்திலேயே 26 மரை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, பதமேற்றி ஒன்று செய்துகொண்டார். பால்ஸ் ஓடிய தடம் இன்றும் வழவழவென்று இருக்கிறது.

இப்போது தங்க வயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து விடியற்காலை ரயில் பெங்களூருக்குக் கூட்டத்தோடு போகிறது. போகவர தொண்ணூறு தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். சுரங்கத்து டர்னர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் அங்கே கணினி ஓட்டும் லேத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் பாறைத்தூசி படியாது, தலைமேல் பாறை வெடித்துச் சரியாது. இதைச் சின்ன லாபமென்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தபின் தன் சைக்கிளுக்கு ஒரு கப் கடைந்துகொள்ளும் சலுகை அவர்களுக்குக் கிடையாது.

ராலியின் அசல் கப் ஒன்றும் வாங்கினேன், அதுவும் தபாலில்தான் வந்தது. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் அசலைத்தான் போடச் சொல்வார்கள். நான் மாமாவின் கப்பையே கிரீஸ் தடவித் திரும்ப முடுக்கினேன். நாட்டிங்ஹாம் கப்பை டூல் பையில் போட்டு சீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன். எனக்குப்பின் ஓட்டுபவருக்கு என்றைக்காவது தேவைப்படும்.