வீடு அதே வீடு; ஆள் வேறு ஆள்!

ஜெர்மனியிலே கோர்லிட்ஸ் என்று ஒரு நகரம். நடுவே நைசே ஆறு. ஆற்றின் மேல் பாலங்கள். மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் சேர்ந்து ஒரே ஊர். யாரும் "அக்கரை, இக்கரை" என்று பிரித்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்த ஊருக்குக் குண்டுவீச்சால் பெரிய சேதம் இல்லை. ஆனால் 1945 மே 7ந் தேதி, பின்வாங்கிய ஜெர்மன் படை பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தது. மறுநாள் ஜெர்மனி சரண்!

வீடுகள் தப்பின. வீட்டுக்காரர்கள்?

மூட்டை முடிச்சுடன்...

கிழக்குக் கரை போலந்தின் வசமாயிற்று. ஜூன் மாதமே அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். கையில் தூக்க முடிந்ததுதான் மிச்சம். ஆகஸ்டில், போட்ஸ்டாம் மாநாட்டில் வென்ற நாடுகள் ஆற்றையே எல்லை ஆக்கின.

காலி வீடுகளுக்குப் போலந்துக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மட்டும் சுகவாசிகளா? இல்லை. பலர், சோவியத் ரஷ்யா எடுத்துக்கொண்ட கிழக்குப் போலந்தில் வீடு வாசலை இழந்தவர்கள். ஜெர்மானியர் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. சொந்த வீட்டை இழந்தவன், இன்னொருவன் வீட்டில் எப்படி நிம்மதியாகத் தூங்குவான்?

ஊருக்குப் பெயரும் மாறியது: ஸ்கொஷெலெட்ஸ். (நம் வாயில் நுழையாத பெயர்தான்!)

மேற்குக் கரையிலோ இடநெருக்கடி. கிழக்கிலிருந்து வந்த அகதிகள் அங்கே குவிந்தனர். 1949இல் ஜனத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆற்றங்கரையில் நின்றால் பழைய வீடு கண்ணுக்குத் தெரியும். போகத்தான் முடியாது!

கிரேக்கரும் வந்தனர்

எங்கோ இருக்கும் கிரீஸ் நாட்டில் உள்நாட்டு யுத்தம் 1949இல் முடிந்தது. தோற்ற கம்யூனிஸ்டுகளின் பக்கம் இருந்த குடும்பங்களுக்குப் போலந்து இடம் கொடுத்தது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தச் சிற்றூருக்கு வந்தனர். பனி கொட்டும் ஊரில், கடலோர நாட்டுப் பிள்ளைகள்! பின்னாளில் பலர் தாய்நாடு திரும்பினர். சில குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன.

மறுபடியும் பாலம்

1950 ஜூலை 6ந் தேதி, கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் இந்த ஊரிலேயே எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒன்றாக இணைந்த ஜெர்மனி 1990இல் அதே எல்லையை ஏற்றது. அதற்குப் பிறகுதான் போலந்துக்காரர்களின் பயம் தீர்ந்தது எனலாம்.

தகர்ந்த பழைய பாலத்தின் இடத்தில் புதிய நடைபாலம் எழ 2004 வரை ஆயிற்று. 59 வருஷம்! 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நின்றது. 2023இல் ஜெர்மனி மறுபடி சோதனையைத் தொடங்கியது. ஆயினும் பாலம் திறந்தே இருக்கிறது.

இன்று கிழக்குக் கரையில் சுமார் 30,000 பேர். மேற்கே 50,000க்குச் சற்று அதிகம். பாலத்தை நடந்து கடக்க இரண்டே நிமிஷம்.