நாய்க்கும் கத்திரி வெயில்தான்



வெயிலில் நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்கு அப்படியில்லை. வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பெரும்பாலும் பாதங்களின் அடியில்தான் இருக்கின்றன. நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாகி உடல் சூடு தணிகிறது. புழுக்கம் மிகுந்தால் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் சென்னை போன்ற கடலோர ஊர்களில் நிழலில் இருந்தாலும் நாய் திணறுகிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெயில் ஏறுமுன் காலையிலோ, தரை ஆறிய பிறகு இரவிலோ நடக்க அழைத்துச் செல்லுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள்; 7 விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டாதீர்கள். நிறுத்திய காருக்குள், கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும்கூட, விட்டுச் செல்லாதீர்கள். முடியை ஒட்ட மழிக்க வேண்டாம். தோல் வெயிலில் வெந்து புண்ணாகும். உதிரும் முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாமல் இளைத்து, கெட்டியாக எச்சில் வடித்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்று படச் செய்யுங்கள். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெருநாய்களுக்கு வாசலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள். தினமும் கழுவி மாற்றினால் கொசுவும் சேராது.